வால் இல்லாத பணம்

எங்கள் வியாபாரத்தில் பணத்துக்கு வால் உண்டு. அந்த வாலை ஒட்டியவள் நான்தான். அந்தப் பெருமையில் தலைகால் புரியாமல் ஆடிக்கொண்டும் இருந்தேன்.

பழைய சாமான்களை இணையத்தில் ஏலம் விடுவது எங்கள் பிழைப்பு. வீடு காலி செய்கிறவர்களிடம் என் வீட்டுக்காரர் பெட்டி பெட்டியாக வாங்கி வருவார். கடிகாரம், கேமரா, பித்தளைக் கைப்பிடி, கண்ணாடிக் குமிழ் என்று எது கிடைத்தாலும் துடைத்து, படம் எடுத்து, ஏலத்தில் போடுவார். வருகிற பணத்தைப் பார்ப்பதும் பார்சல் கட்டுவதும் என் வேலை. இதில் பெரிய தலைவலி, எந்தப் பணம் யாருடையது என்று தெரியாததுதான். ஏலம் எடுப்பது ஒருவர், பணம் வருவது அவருடைய மச்சான் கணக்கிலிருந்து. குறிப்பு எழுத வேண்டிய இடத்தில் 'வணக்கம்' என்று மட்டும் எழுதி அனுப்பிய மகராசன்கூட உண்டு. அதனால் ஒரு வழி செய்தேன். பதினேழாம் எண் சாமானை எடுத்தவர் விலையோடு பதினேழு காசு சேர்த்துப் போட வேண்டும். வாலைப் பார்த்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

ஏலத்துக்கு யாரும் சொந்தப் பெயரில் வருவதில்லை. புலிவேட்டை என்பார்கள், சும்மாதான் என்பார்கள். எங்களுக்கு வாய்த்த நல்ல வாடிக்கை, மழைத்துளி என்ற பெயரில் வருகிறவர். நாங்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஆரம்ப நாட்களில் முதல் ஆளாக வந்து ஓடாத கடிகாரத்தை வாங்கியவர். அதன் பிறகும் யாரும் சீண்டாத சாமான் எது என்று பார்த்து எடுப்பது போலவே எடுப்பார். ஊரின் மறுகோடியில் ஓர் அழகு நிலையத்துக்குப் பார்சல் போகும். பணமும் அந்த அழகு நிலையக்காரியின் கணக்கிலிருந்து வாலோடு ஒழுங்காக வரும். அவள்தான் மழைத்துளி என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

"நம்ம மழைத்துளி இருக்கிற வரைக்கும் நமக்குக் கவலை இல்லை" என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அவர் மேற்பார்வையாளராக இருந்த தொழிற்சாலையை மூடியபோது மனுஷர் பாதியாகிப் போய், நாள் முழுக்கச் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். அப்போது அவருடைய அக்கா ஒரு கவருடன் வந்தார். எனக்கு நாத்தனார், நான் அண்ணி என்று கூப்பிடுவேன். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்த்துத் தம்பியைப் படிக்க வைத்தவர். அந்தக் கவரை இவர் தொடக்கூட இல்லை.

"சின்ன வயசுல உன் காசுல சாப்பிட்டது போதும்க்கா. இனிமே ஒரு பைசா உன்கிட்ட வாங்கினா நான் மனுஷனே இல்ல."

அக்கா கவரைப் பைக்குள் வைத்துக்கொண்டு காபி குடித்துவிட்டுப் போனார். பாசத்துக்கு ஒன்றும் குறைவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் இவர் போனில் கூப்பிட்டு மணிக்கணக்கில் அளப்பார். பணப் பேச்சு மட்டும் கிடையாது.

போன மாதம் மழைத்துளி ஒரு மேசைக் கடிகாரத்தை எடுத்தார். அதே நாளில் வேறொருவர் ஒரு தொலைநோக்கியை எடுத்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே விலைக்குப் போயின. மறுநாள் எங்கள் கணக்கில் ஒரு பணம் வந்திருந்தது. பெயர் இல்லை. வாலும் இல்லை. மொட்டையாக, தனித்தனியே இரண்டு விலையையும்விடச் சற்று அதிகமாக இருந்தது.

இப்படி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கே நான் ஒரு சட்டம் வைத்திருந்தேன். தொகையை நாம் சொல்லக் கூடாது. எவ்வளவு போட்டீர்கள், எந்த நாள் போட்டீர்கள் என்று அவர்கள் வாயிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். சட்டம் போட்டவளே அன்றைக்குக் கோட்டை விட்டேன். தொலைநோக்கிக்காரர் போனில் அப்படித் தேன் ஒழுகப் பேசினார். "உங்க பேக்கிங் மாதிரி எங்கயும் பார்த்ததில்ல மேடம்" என்றார். மேடம் உச்சி குளிர்ந்துபோய், "ரவுண்டா ஒரு தொகை வந்திருக்கே, உங்களதா சார்?" என்று எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள்.

அவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "என்னோடதுதான் மேடம். மீதிய டீ செலவுக்கு வச்சுக்கோங்க" என்றார். அன்றே தொலைநோக்கியை அனுப்பி வைத்தேன்.

பிறகு ஏலப் பக்கம் வழியாக மழைத்துளியிடமிருந்து செய்தி வந்தது. 'பணம் போட்டுவிட்டேன்.' கணக்கைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. வரவில்லையே என்றேன். 'போட்டேன் அம்மா, தயவுசெய்து பாருங்கள்' என்று பதில். ரசீதைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்றேன். பதிலே இல்லை. மறுபடி கேட்டதற்கு, 'ரசீது அனுப்ப வசதிப்படாது' என்று வந்தது.

எனக்குக் கோபம் சுருக்கென்று ஏறியது. போட்டவளிடம் ரசீது இருக்காதா? யாருக்குக் காது குத்துகிறாள்? என் வீட்டுக்காரர் கோபப்படவில்லை, வாடிப்போனார். "அவங்களுமா?" என்று மட்டும் கேட்டார். அவர் அப்படிக் கேட்டதில் எனக்குக் கோபம் இரண்டு மடங்கானது. எனக்கு நாக்கு நீளம் என்பார்கள், விரலும் நீளம்தான். ஏலப் பக்கத்தில் மழைத்துளி பெயருக்குக் கீழே எல்லாரும் பார்க்கும்படி எழுதினேன்: 'பணம் போட்டேன் என்று வாய் கூசாமல் பொய் சொல்பவர். விற்பவர்கள் ஜாக்கிரதை.' எழுதிவிட்டு ஒரு முறை படித்தும் பார்த்தேன். நன்றாக வந்திருப்பதாகத்தான் தோன்றியது.

அத்தோடு விட்டிருக்கலாம். போன ஞாயிற்றுக்கிழமை அட்டைப் பெட்டி வாங்க அந்தப் பக்கம் போனவள், நேரில் நாலு வார்த்தை கேட்டால்தான் மனசு ஆறும் என்று அழகு நிலையத்தைத் தேடிப் போனேன்.

சின்னக் கடை. ஒரு சுழல் நாற்காலி, அதன் எதிரே ஓரம் கறுத்த கண்ணாடி. மூலையில் ஒரு வயதான அம்மா முதுகைக் காட்டிக் குனிந்து, தரையில் கிடந்த முடியைப் பெருக்கிக்கொண்டிருந்தார். கல்லாவில் இருந்த பெண் என்ன வேணும் என்றாள். நான் யார் என்று சொன்னேன்.

"ஓ, நீங்கதானா அது!" என்று எழுந்துவிட்டாள். "ஊரே பார்க்கிற மாதிரி பொய்க்காரின்னு எழுதினீங்களே, நல்லா இருப்பீங்களா? அவங்க பணம் போட்டப்ப நான் கூடவே நின்னேன். ரசீத காட்டுங்க, மூஞ்சியில வீசுங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். கேட்டாங்களா?"

"யாரு? மழைத்துளி நீங்க இல்லையா?"

"நான் என் போன்ல பணம் அனுப்பிக் கொடுப்பேன், அவ்வளவுதான். அக்கா, இப்பவாவது அந்த ரசீத எடுங்க."

பெருக்கிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. துடைப்பம் மட்டும் நின்றது. அப்போதுதான் அந்த முதுகைச் சரியாகப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் எத்தனையோ முறை பார்த்த முதுகு.

"வா மா" என்றார் அண்ணி, விருந்துக்கு வந்தவளைக் கூப்பிடுவது போல. "உக்காரு. வெயில்ல வந்திருக்க."

நான் உட்காரவில்லை. அவருக்குப் பின்னால் இருந்த அலமாரியில் பார்சல்கள் அடுக்கியிருந்தன. பழுப்பு டேப்பை நான் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுகிற விதம் எனக்குத் தெரியாதா? ஓடாத கடிகாரம், மூடி இல்லாத கேமரா, ஒற்றைக் கைப்பிடி. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. எங்களுக்கு வியாபாரம் சூடுபிடித்த கதை முழுக்க அந்த அலமாரியில் இருந்தது.

"அண்ணி, இதெல்லாம்..."

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா அவன் வரும்போது பார்த்துடுவான்ல. அதான் இங்கயே இருக்கு."

"ரசீத அனுப்பியிருக்கலாமே."

"அதுல என் போன் நம்பர் இருக்கே மா." அவர்தான் குற்றவாளி போலத் தரையைப் பார்த்துப் பேசினார். "தப்பு என் மேலதான். இவ போன் கெட்டுப்போச்சு. என் கணக்குல இருந்து அனுப்பினா உங்களுக்குப் பேர் தெரிஞ்சிடும். அதனால பேங்க் வாசல்ல இருக்கிற மெஷின்ல போட்டேன். அது நோட்டு மட்டும்தான் வாங்குது, சில்லறைய எங்க போடறதுன்னு தெரியல. குறைஞ்சா நீங்க கஷ்டப்படுவீங்களேன்னு ஒரு நோட்டு சேர்த்தே போட்டேன். நீ சொன்ன மாதிரி போடாதது என் தப்புதானே?"

நான் ஒட்டிய வாலுக்காக அவர் மன்னிப்புக் கேட்பது போல விளக்கம் சொல்ல, நான் கேட்டுக்கொண்டு நின்றேன். ஆஸ்பத்திரி ஓய்வூதியம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அந்தக் கடிகாரங்களை வாங்குவதற்காக இவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் யார் யார் தலைமுடியையோ பெருக்குகிறார். எவனோ ஒருவன் மேடம் என்று அழைத்ததும் அந்தப் பணத்தைத் தூக்கி அவன் கணக்கில் வைத்துவிட்டு, இவரைப் பொய்க்காரி என்று எழுதியிருக்கிறேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். கையைப் பிடித்தேன். அழுகை வந்தது, ஆனால் அழக்கூட எனக்கு யோக்கியதை இல்லை என்று பட்டது.

"இப்பவே போய் அத அழிச்சிடறேன் அண்ணி. அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன்."

"ஐயோ, வேணாம்." முதல் முறையாக அவர் குரல் உயர்ந்தது. "என் காசுன்னு தெரிஞ்சா அன்னைக்கே கடையை மூடிடுவான். மறுபடி அந்தச் சுவரைப் பார்த்து உக்கார்ந்துடுவான். நீதானே கூட இருந்து பார்த்த? எழுதினத அழிக்கவும் வேணாம். அழிச்சா ஏன்னு கேப்பான். யாரோ மழைத்துளின்னு ஒரு பொய்க்காரி, இருந்துட்டுப் போகட்டும். எனக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?"

வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம். என் வீட்டுக்காரர் பார்சல் மேசையில் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, ஒரு கேமராவைத் துடைத்தபடி அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தார். வாசலிலேயே எனக்குக் காதில் விழுந்தது.

"...அவ்வளவு நம்பினேன்க்கா. கடைசியில பார்த்தா பொய்க்காரி. இவதான் நல்லா நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி எழுதினா."

"சரியாத்தான் எழுதியிருக்கா" என்றது அண்ணியின் குரல். "அப்படிப்பட்டவங்கள விடக் கூடாதுப்பா."

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனேன்.

"ஏங்க, அவங்க பணம் போட்டிருந்தாங்க. நான்தான் வேற ஆளோடதுன்னு தப்பா எடுத்துக்கிட்டேன். அந்தத் தொலைநோக்கிக்காரன் ஒரு பைசா போடல. நானே தொகையைச் சொல்லி ஏமாந்துட்டேன். அந்தம்மா பொய் சொல்லல."

அவர் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். என்னை அவர் அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை.

"கேட்டியாக்கா? நமக்குச் சோறு போட்டவங்களப் போய் இவ பொய்க்காரின்னு எழுதியிருக்கா. நானும் பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன். வெக்கமா இருக்குக்கா."

"விடுப்பா. அவங்க பெருசா எடுத்துக்க மாட்டாங்க."

"எப்படி எடுத்துக்காம இருப்பாங்க? நீயா இருந்தா சும்மா இருப்பியா?" அவர் தன் கைப்பேசியை விட்டுவிட்டு என்னுடையதை வாங்கினார். நான் எழுதியதை முதலில் அழித்தார். "நீ லைன்லயே இரு. மன்னிப்புக் கேட்டு நானே எழுதறேன், சரியா இருக்கான்னு சொல்லு. இவ எழுதினா மறுபடி வம்பாயிடும்."

ஒற்றை விரலால் தட்டத் தட்ட வாய்விட்டுப் படித்தார். "'அம்மா, உங்க கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கறேன்.' சரியாக்கா?"

"கால்ல எல்லாம் விழ வேணாம்பா. தெரியாம நடந்துபோச்சுன்னு போடு, போதும்."

"அது போதுமா? அவங்க மனசு ஆறுமா?"

"ஆறிடும்பா."

"கடிகாரத்த நாளைக்கு நானே கொண்டு போய் கைல கொடுக்கறேன்னும் எழுதிடறேன்."

"வேணாம், வேணாம்" என்றார் அண்ணி அவசரமாக. "பொம்பளைங்க கடைக்கு நீ எதுக்கு? கொரியர்ல அனுப்பு."

அவர் யோசித்துத் தலையாட்டினார். மறுபடி தட்ட ஆரம்பித்தார். நான் பக்கத்தில் நின்று எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"'உங்களால்தான் நான் யார்கிட்டயும் கை நீட்டாம, எங்க அக்காகிட்டகூடக் கை நீட்டாம, தலை நிமிர்ந்து இருக்கேன்.' இதையும் சேர்க்கவாக்கா? ஓவரா இருக்குமா?"

அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார் அண்ணி. இவர் படித்தார்.

"சேரு" என்றார் அண்ணி. "நல்லாத்தான் இருக்கு."

அவர் மழைத்துளிக்கு அதை அனுப்பினார். அடுத்த நொடியே ஸ்பீக்கரில், அண்ணியின் பக்கத்திலிருந்து, மணி போல ஒரு சத்தம் கேட்டது.

"என்னக்கா சத்தம்?"

"ஏதோ மெசேஜ் வந்திருக்குப்பா. அப்புறமா படிச்சுக்கறேன்."

"அந்தக் கடிகாரத்த எடு, நானே கட்டறேன்" என்று என்னிடம் கையை நீட்டினார் என் வீட்டுக்காரர். எடுத்துக் கொடுத்தேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.