ஹசி ஹாலு

"சிஸ்டர், அந்த ஊசியைக் கீழே வைங்க!"

ஜெசிந்தா பாய்ந்து வந்து கட்டிலுக்கும் நர்ஸுக்கும் நடுவில் நின்றாள். கட்டிலில் அவள் கணவன் ஸ்டானிஸ்லாஸ் காய்ச்சலில் அனத்திக்கொண்டிருந்தான். ஏணியில் விறுவிறுவென்று ஏறி வயரிங் செய்தவன். இப்போது இடுப்பு வலியில் எழுந்து உட்காரவே ஆள் வேண்டியிருந்தது. காய்ச்சல் விடும், மறுபடி பிடிக்கும்.

"டாக்டர் எழுதியிருக்காரு மேடம்."

"மருந்து எழுதியிருக்காரு. என்ன நோய்னு எழுதியிருக்காரா?"

நர்ஸ் ஊசியை ட்ரேயில் வைத்தாள்.

"அண்ணி, இது உங்க ஸ்கூல் இல்ல," என்றான் கொழுந்தன் ஜோ. "நான் சொன்ன ஸ்பெஷலிஸ்ட்கிட்டயே போவோம். லண்டன்ல படிச்சவரு. அவர் போர்டே அரைச் சுவருக்கு இருக்கு."

"காய்ச்சல் போர்டுக்கா, உன் அண்ணனுக்கா?"

காலையிலிருந்து மைசூரில் தொற்றுநோய் நிபுணர்கள் யார் யாரென்று விசாரித்து, ஒவ்வொருவருக்காகப் போன் போட்டிருந்தாள். எல்லோரிடமும் ஒரே கேள்வி: காரணம் தெரியாத காய்ச்சல், முதலில் என்ன செய்வீர்கள்? லண்டன்காரரின் உதவியாளர், 'ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்ல போடுங்க, மருந்து வரும்' என்றார். இன்னொரு இடத்தில், 'அட்மிட் பண்ணுங்க, அப்புறம் பார்க்கலாம்.' டாக்டர் அஷ்வினி மட்டும் தானே போனை எடுத்தார்.

"புது மருந்து ஏத்தறதுக்கு முன்னாடி, என்ன கிருமின்னு வளர்த்துப் பார்க்க, கல்ச்சருக்கு ரத்தம் எடுக்கணும். அப்புறம் அவர்கிட்ட நான் உக்காந்து பேசணும்."

பேசணும்! அந்த ஒரு வார்த்தையில் ஜெசிந்தா முடிவெடுத்துவிட்டாள். கையெழுத்துப் போட்டாள், ஆம்புலன்ஸ் பிடித்தாள். ஜோ முணுமுணுத்துக்கொண்டே பின்னால் ஏறினான்.

சரஸ்வதிபுரம் கிளினிக்கில் ரத்தம் எடுத்து முடித்ததும் அஷ்வினி நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டார். கன்னடக்காரர். ஆனாலும் தட்டுத் தடுமாறித் தமிழிலேயே கேட்டார். எங்கே வேலை, என்ன தண்ணீர், என்ன சாப்பாடு, என்ன பால்?

"பாலைப் பத்தி அந்த ஆஸ்பத்திரியிலேயே கேட்டுட்டாங்க மேடம்," என்றான் ஸ்டானிஸ்லாஸ். " 'ஹசி ஹாலு குடீத்தீரா'ன்னாங்க. இல்லைன்னுட்டேன்."

அஷ்வினியின் பேனா நின்றது. "ஹசின்னா என்ன, சொல்லுங்க?"

"பசு. பசும்பால்தானே?"

ஜோ களுக்கென்று சிரித்தான். "அண்ணே, பசுன்னா அது ஹசு! திண்டுக்கல்லிலேருந்து வந்து இத்தனை வருஷம் என்ன கன்னடம் படிச்சே?"

"ஹசின்னா பச்சை. காய்ச்சாத பால்," என்றார் அஷ்வினி. அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. "அதுல ஒரு கிருமி வரும். காய்ச்சல் விட்டு விட்டு அடிக்கும், முதுகெலும்புல போய் உக்காரும். அதுதான்னா மருந்து இருக்கு. விட்டா நடையே போயிடலாம். பசு இல்லைன்னா, வேற ஏதாவது பச்சைப் பால்?"

ஸ்டானிஸ்லாஸ் டாக்டரைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தான், சட்டென்று சுவரைப் பார்த்தான்.

"ஏங்க, திட்டமாட்டேன். நீங்க நடக்கணும் எனக்கு. சொல்லுங்க."

"உனக்குத்தான் வாடையே ஆகாதே, ஜெசி. அதான் வாயை நல்லாக் கொப்பளிச்சிட்டு வீட்டுக்கு வருவேன்..."

"எந்த வாடை?"

"குண்டலுபேட்டை சைட்டுல, தெம்புக்கு நல்லதுன்னு மேஸ்திரி சொன்னாரு. கறந்த சூட்டோட, தினம் ஒரு டம்ளர்." அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"ஆட்டுப்பால்."