சனிக்கிழமைப் புளியாரை

நாகலூர் போகிற வழியில் இருந்த அந்த ரிசார்ட்டில் சனிக்கிழமை சாயங்காலமானால் ஒரு வேடிக்கை நடக்கும். டீயும் கையுமாக விருந்தினர்கள் புல்வெளி ஓரத்தில் வந்து நிற்பார்கள். மேனேஜர் மேக்ஸ்வெல், "தேவகுமாரி அக்கா!" என்று குரல் கொடுப்பான். தோட்ட வேலைப் பெண்களுக்கு மேஸ்திரியான தேவகுமாரி வருவாள், குனிவாள், புல்லுக்கு நடுவே முளைத்திருக்கும் புளியாரையைக் கிள்ளி அப்படியே வாயில் போட்டு மென்று விழுங்குவாள். இந்தப் புல்லுக்கு ரசாயன உரமும் இல்லை, மருந்தும் இல்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. கூட்டம் கைதட்டும். புளிப்பில் அவள் கண்ணைச் சுருக்குவதைப் படம் பிடிக்கத் தவறியவர்கள் இன்னொரு தரம் தின்னச் சொல்வார்கள். அதையும் தின்பாள்.

குரங்காட்டம்தான், சந்தேகமில்லை. ஆனால் தேவகுமாரிக்கு அது பெருமையாக இருந்தது. கல்யாணமான புதிதில் அவள் காபி எஸ்டேட்டில் பூச்சிமருந்து கலக்கிக் கொடுத்தவள். கைத்தோல் உரிந்து, சோற்றில் கை வைக்க முடியாமல் கரண்டியால் தின்ற காலம் அது. மருந்து வாசமே இல்லாத இந்த வேலை கிடைத்ததும் சர்ச்சில் எழுந்து நின்று, இது கர்த்தர் செய்த நன்மை என்று சாட்சி சொன்னாள். மண்புழு உரம், வேப்பம் பிண்ணாக்கு, புளித்த மோர் எல்லாவற்றையும் தன் கையாலேயே கரைத்து ஊற்றினாள். சனிக்கிழமை வீட்டுக்குப் போகும்போது ஒரு பிடி புளியாரை பறித்துப் போய்ப் பருப்போடு கடைந்து புருஷன் ஆண்டனி ராஜுக்கும் போடுவாள்.

அந்தப் புல்லுக்கு ஒரே சத்துரு கோரை. கிழங்கோடு தோண்டாவிட்டால் போகாது. தோண்டினாலும் ஒரு மழைக்குத் திரும்ப வந்து நிற்கும். கல்யாணப் பார்ட்டிக்காரர்கள் போட்டோவில் கோரை தெரிகிறது என்று முகம் சுளித்தார்கள். முதலாளி சேலத்திலிருந்து மலை ஏறி வந்து மேக்ஸ்வெல்லை எல்லோர் முன்னாலும் பிடிபிடியென்று பிடித்துவிட்டுப் போனார்.

கோடை விழா முடிந்த கையோடு கோரை கருக ஆரம்பித்தது. சுற்றிலும் புல் பச்சையாக நின்றது, புளியாரையும் வாடவில்லை. கோரை மட்டும் மஞ்சளாகி மடிந்தது. பிண்ணாக்குத் தண்ணீரில் மோரைக் கூடுதலாகச் சேர்க்கச் சொன்னது தேவகுமாரிதான். ஆகவே தன் மோர்தான் வேலை செய்திருக்கிறது என்று நம்பிவிட்டாள். நம்பினதோடு சும்மா இருந்தாளா? சனிக்கிழமைக் கூட்டத்தில் மேக்ஸ்வெல் அவளையே பேசச் சொன்னான்.

"மோருதானுங்க. நொம்பப் புளிக்க உட்டு ஊத்தோணும். வேறொண்ணும் இல்லீங்க" என்றாள். பெங்களூர்க்காரர் ஒருவர் அதை போனில் குறித்துக்கொண்டார். மேக்ஸ்வெல் பக்கத்தில் நின்று தலையாட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை தேவகுமாரி வேலைக்கு வருவதில்லை, ஆராதனைக்குப் போய்விடுவாள். மேக்ஸ்வெல்லும் அதே சர்ச்தான். ஆனால் மேனேஜரான பிறகு ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஒழிவதில்லை. ஒரு ஞாயிறு போதகர் வேறு ஊருக்கு ஞானஸ்நானம் கொடுக்கப் போக வேண்டியிருந்ததால் ஆராதனை சீக்கிரமே முடிந்தது. முந்தின நாள் மறந்து வைத்த சாப்பாட்டுத் தூக்கை எடுக்க, தேவகுமாரி சர்ச் சேலையோடே ரிசார்ட்டுக்குப் போனாள். புல்வெளியில் ராஜேஸ்வரி நின்றிருந்தாள். செம்மநத்தத்திலிருந்து வருகிறவள், தேவகுமாரியே சேர்த்துவிட்ட பெண். வாயையும் மூக்கையும் துண்டால் கட்டியிருந்தாள். முதுகில் மருந்தடிக்கும் டேங்க்.

"என்ன கண்ணு இது?"

ராஜேஸ்வரி துண்டை இறக்கினாள். உடனே அழுதுவிட்டாள். "சார் சொல்லக்கூடாதுன்னுட்டாருங்க அக்கா. கோடை விழா முடிஞ்சதுல இருந்து ஞாயித்துக்கிழமைல மட்டும் கோரைக்கு மருந்து அடிக்கறமுங்க."

கோடை விழாவிலிருந்து. தேவகுமாரி அத்தனை சனிக்கிழமையும் தின்றிருக்கிறாள். கேட்டவர்களுக்காக இரண்டாம் தரமும் தின்றிருக்கிறாள். ஒரு வாரம்கூட விடாமல் ஆண்டனி ராஜுக்குக் கடைந்து போட்டிருக்கிறாள்.

நேராக ஆபீசுக்குப் போனாள். மேக்ஸ்வெல் எழுந்து நின்றான். மரியாதைக்கெல்லாம் குறைச்சலில்லை.

"ஏனுங்க தம்பி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லீருக்கலாமில்லீங்களா?"

"சொன்னா உங்க மூஞ்சி காட்டிக் குடுத்துருமுங்க அக்கா. உங்களுக்கு நடிக்க வராது. அதனாலதான் உங்களையே கூப்பிடறோம்." அவன் தணிந்த குரலில், உண்மையாகவே சமாதானம் சொல்கிறவனாகப் பேசினான். "ஞாயித்துக்கிழமை அடிச்சது சனிக்கிழமைக்குள்ள மழைல போயிருமுங்க. ஒரு எலைல என்ன வந்துரப் போவுது? மனசுக்குச் சங்கடமா இருந்தாச் சொல்லுங்க, தொட்டில மொளைச்சதை எடுத்து ஓரமா நட்டு வெச்சர்றேன். அதைக் கிள்ளிக்கங்க."

அவள் தூக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். சம்மதித்துவிட்டாள் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

அந்த வாரம் முழுக்க அவளுக்குத் தூக்கமில்லை. வேலையை விட்டுவிடலாம், அது பெரிய காரியமில்லை. ஆனால் இந்த வாய் தின்று காட்டியதைப் பார்த்துத்தானே அத்தனை பேர் பிள்ளைகளை அந்தப் புல்லில் உருளவிட்டார்கள்? பொய் தெரியாமல் சொன்னதுதான். இருந்தாலும் சொன்னது அவள் வாய். அதே வாயால், அதே சனிக்கிழமைக் கூட்டத்தில் உண்மையைச் சொல்லிவிட்டுப் போவதென்று முடிவு செய்தாள்.

சனிக்கிழமை மேக்ஸ்வெல் கூப்பிட்டான். போனாள். எங்கே ஆரம்பிப்பது என்று அவள் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே, முன்வரிசையில் மஞ்சள் ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் குழந்தை தானாகக் குனிந்து ஒரு கொத்துப் புளியாரையைப் பிடுங்கி வாய்க்குக் கொண்டுபோனது. தேவகுமாரி பாய்ந்து அதன் கையைத் தட்டிவிட்டாள். அடி பலமாகவே விழுந்துவிட்டது. குழந்தை வீலென்று அலறியது.

"திங்காதே கண்ணு! மருந்து அடிச்சிருக்குது. எல்லாரும் கேட்டுக்கங்க, இது பொய்யிங்க. ஞாயித்துக்கிழமை மருந்து அடிக்கறாங்க!"

அவள் சொன்னது யார் காதில் ஏறியது? வேலைக்காரி ஒருத்தி குழந்தையை அடித்துவிட்டாள், அவ்வளவுதான் அங்கே நடந்தது. தாய் தேவகுமாரியைப் பிடித்துத் தள்ளினாள். போன்கள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின. மேக்ஸ்வெல் இரண்டு கையையும் உயர்த்தி, இங்கிலீஷில் மெதுவாக ஏதோ சொன்னான். வார்த்தை புரியாவிட்டாலும் கூட்டம் அவளைப் பார்த்த பார்வை புரிந்தது. பாவம், புத்தி சரியில்லை என்று பார்க்கிற பார்வை.

பிறகு அவன் குனிந்தான். ஓரத்தில் அவளுக்காக நட்டு வைத்த தொட்டிச் செடிப் பக்கம் போகவே இல்லை. குழந்தை பறித்த அதே இடத்தில் ஒரு கொத்து பிடுங்கி, எல்லோரும் பார்க்க வாயில் போட்டு நிதானமாக மென்றான். விழுங்கினான். வாயைத் திறந்தும் காட்டினான். கைதட்டல் எழுந்தது. தேவகுமாரிக்கு ஒரு நாளும் அப்படித் தட்டியதில்லை.

தாய்க்கு உயிர் வந்தது. குழந்தையின் கண்ணைத் துடைத்து, அவளே இன்னொரு கொத்தைப் பிடுங்கித் துப்பட்டாவில் துடைத்துக் குழந்தையின் கையில் கொடுத்தாள். "அங்கிள் சாப்பிட்டார் பாரு. நீயும் சாப்பிடு, அம்மா போட்டோ எடுக்கிறேன்."

தேவகுமாரி மறுபடி பாய்ந்தாள். பின்னாலிருந்து ராஜேஸ்வரி அவள் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தாள்.

"வேண்டாமுங்க அக்கா, என்ற வேலையும் போயிருமுங்க" என்று முதுகில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

குழந்தை மென்று முடிக்கிறவரை அவள் பிடியை விடவில்லை.