அக்கா கைப் போணி

கயல்விழிக்கு வயிறு எரிந்தது. பின்னே எரியாதா? பீங்கான் தொழிற்பேட்டை வாசலில் தள்ளுவண்டி போட்டு, வெயிலில் தோசையோடு தோசையாகக் கருகுகிறவள் அவள். எதிரே டைல்ஸ் ஒட்டிப் பளபளக்கிற டீக்கடையோ தம்பி கார்முகிலுக்கு!

வலி மாத்திரையைப் போதைக்கு விற்கிறார்கள் என்று தெரிந்தே ஊருக்குள் ஓடவிட்ட மருந்துக் கம்பெனி மேல் ஊரே கேஸ் போட்டது. சமரசமாகி வந்த நஷ்டஈட்டில் தெருவுக்கு ஒரு சிகிச்சை மையம் கட்டினார்கள். மாத்திரைப் பழக்கத்தை விட்டவர்கள் பிழைக்க அதே பணத்தில் இந்த மாதிரிக் கடை. வீட்டு அண்டாவை விற்று மாத்திரை போட்டவனுக்குக் கடை, அந்த வீட்டுக்குச் சோறு போட்டவளுக்குப் பட்டை நாமம்!

"நானும் நாலு மாத்திரய முழுங்கியிருந்தா எனக்கும் டைல்ஸு ஒட்டியிருப்பாங்க," என்று தோசையைத் திருப்பினாள்.

இன்று கடை திறப்பு. விடியற்காலையிலேயே தம்பி வந்து கெஞ்சினான். "அக்கா, ஒங்கைதான் ராசி. மொத போணி நீதான் பண்ணணும்."

"எனக்கு டீ புடிக்காது, போடா." ஒரு நாளைக்கு ஆறு டீ குடிக்கிறவள் சொன்னாள்.

"அக்கா வரட்டும்ணே," என்று அவன் வந்தவர்களையெல்லாம் நிறுத்தி வைத்தான். பொறுத்துப் பார்த்தவர்கள் வேறு கடைக்குப் போனார்கள். நல்லா வேணும் என்று அவளுக்குக் குளுகுளுவென்று இருந்தது.

அப்போது சாமிக்கண்ணுவின் பைக் வந்து நின்றது. தம்பிக்கு மாத்திரை பழக்கிவிட்டவன் அவன்தான்.

"என்னா மச்சான், ஈ ஓட்டுற? நான் பண்றேன் போணி. டீ வேணாம், காச வச்சிக்க. பழைய சரக்கு கொஞ்சம் இருக்குது, பாக்குறியா?" என்று சட்டைப் பையைத் தட்டினான்.

கார்முகிலின் கண் அந்தச் சட்டைப் பையை விட்டு நகரவில்லை. கை தானாக நீண்டது.

தோசைக்கரண்டியோடு பாய்ந்தாள் கயல்விழி. "எடுபட்ட பயலே! எந்தம்பி கடைக்குப் போணி பண்ண நான் உசுரோட இருக்கேன்டா!" நீண்டிருந்த கையில் பத்து ரூபாய்த் தாளை அறைந்தாற்போல் வைத்தாள். சாமிக்கண்ணு பைக்கை உதைத்துக்கொண்டு ஓடினான்.

கார்முகில் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். டீ ஆற்றிக் கொடுத்தான். ஏலக்காய் மணத்தது, பாவி! அதற்கும் பொறாமைப்பட்டாள்.

"நாளைக்கும் நீதான்க்கா வரணும்."

"தெனமும் ஒனக்கு நான் காசு அழணுமா? எத்தன நாளைக்குடா?"

அவன் பைக் போன ரோட்டைப் பார்த்தான். "தெரியலக்கா."

எதிரே கல்லில் தோசை கருகிப் புகைந்தது. அவள் கடைசிச் சொட்டுவரை குடித்து டம்ளரை வைத்தாள்.

"காலையில நான் வர்ற வரைக்கும் எவன் காசையும் கையால தொடாத," என்றாள்.