சிக்னியத்தின் எடை

மகள் போன பிறகு இரண்டு வருடம் என் கணவர் அவள் பெயரை வாயில் எடுக்கவில்லை. ஆறு வயதில் தொண்டை அடைப்பான் நோயில் போனாள் எங்கள் சிக்னே. நான் பேச்செடுத்தால் தோர்ஸ்தென் எழுந்து பின்கட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவார். ஃபாலூன் பள்ளியில் அவர் வேதியியல் வாத்தியார். ஊர்ச் சுரங்கத்துக் கறுப்புக் கல்லைக் கரைத்துப் புது உலோகம் எடுக்கப்போகிறாராம். அப்போது ஸ்வீடனில் பாதி வாத்தியார்களுக்கு இந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. குப்பைமேட்டுக் கல்லில்கூட யாராவது ஒரு தனிமத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வேலை ஒன்றும் பெரிய மந்திரமில்லை. கல்லிலிருந்து எடுத்த உப்பைக் கரைத்துக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, அடியில் படியும் படிகத்தை எடுத்து மறுபடி கரைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அந்த உலோகத்தின் அணு எடையைக் கணக்கிட வேண்டும். கலப்பு இருக்கும்வரை எண் இறங்கிக்கொண்டே போகும். தொடர்ந்து மூன்று முறை மாறாமல் நின்றால் அது தனிப்பொருள், கண்டெடுத்தவர் பெயர் வைத்துக்கொள்ளலாம். அவருக்குக் கண் மங்கல். அதனால் தராசு என் பொறுப்பு.

முப்பதாவது முறையும் முப்பத்தொன்றாவது முறையும் ஒரே எண் வந்தது. முப்பத்திரண்டாவது முறை நான் தராசின் முன் குனிந்திருந்தபோது, பின்னாலிருந்து அவர் சொன்னார்.

"உல்ரிகா, இது நின்னுச்சுன்னா சிக்னியம்னு பேர் வைக்கலாம்னு இருக்கேன்."

இரண்டு வருடம் கழித்து அவர் வாயிலிருந்து அந்தப் பெயர். என் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு பார்த்தேன். எண் இறங்கியிருந்தது. மயிரிழைதான், ஆனால் இறங்கியிருந்தது.

"அதே எண்தாங்க," என்றேன்.

அவர் கட்டுரை ஸ்டாக்ஹோம் அறிவியல் இதழில் அச்சேறியது. அதைவிட எனக்கு முக்கியம், வீட்டில் அந்தப் பெயர் நடமாடியதுதான். "சிக்னியத்த மூடி வச்சியா?" "சிக்னியம் அடுப்புல இருக்கு, பாத்துக்கோ." சில நாள் வேண்டுமென்றே காதில் விழாத மாதிரி, "எதங்க?" என்று கேட்பேன். அவர் அலுத்துக்கொண்டு இன்னொரு முறை சொல்வார். ஒன்றேகால் வருடம் இப்படியே பிழைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

பிறகு உப்சாலாவிலிருந்து லுட்விக் வந்தான். அவரிடம் படித்தவன், இப்போது தாடியும் தொந்தியுமாக அவனே வாத்தியார். பெட்டியிலிருந்து பித்தளைக் குழாயும் முப்பட்டைக் கண்ணாடியுமாக ஒரு கருவியை எடுத்து வைத்தான். ஒளியைப் பிரித்துக் காட்டுமாம். ஒவ்வொரு உலோகத்துக்கும் அதற்கே உரிய கோடுகள் தெரியுமாம்.

"என்னடா, என் பொண்ணப் பாக்க வந்தியா?" என்றார் தோர்ஸ்தென். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

லுட்விக் நெடுநேரம் குழாயில் கண்ணை வைத்திருந்தான். அப்புறம் காபியைக் கேட்டு வாங்கிக் குடிக்காமல் வைத்தான்.

"ஐயா, எல்லாம் பழைய கோடுதான். இட்ரியமும் எர்பியமும் கலந்து கெடக்கு. புதுசா ஒண்ணு கூட இல்ல."

"எடை நின்னுச்சேடா. மூணு தடவ."

"அதான் எனக்கும் புரியல."

இருவரும் தாள்களைப் பரப்பிக்கொண்டு, அமிலத்தில் குறையா, கல்லில் குறையா என்று தேடினார்கள். அவர் தன் கையைத் தானே திட்டிக்கொண்டார். அதற்கு மேல் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"எடை நிக்கலங்க. மூணாந்தடவ எறங்குச்சு. நாந்தான் அதே எண்ணுன்னு சொன்னேன்."

லுட்விக் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்றான்.

"ஏன்?" என்றார் அவர்.

"அதுக்குள்ள நீங்க பேரச் சொல்லிட்டீங்க."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். உட்கார்ந்து ஸ்டாக்ஹோமுக்குக் கடிதம் எழுதினார். எடை பார்த்ததில் தவறு நேர்ந்தது, தவறு தன்னுடையது, சிக்னியம் என்று ஒரு தனிமம் இல்லை. கடைசி வரியில் வெகுநேரம் பேனா நின்றது. லுட்விக்கிடமே கொடுத்தனுப்பிவிட்டு, சீசாக்களில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டுகளை வெந்நீரில் ஊறவைத்து உரித்தார்.

அதன் பிறகு உப்பைக் கொடு, கதவைச் சாத்து, அவ்வளவுதான் பேச்சு. பதினோரு நாள் அந்தப் பெயரில்லாத வீட்டில் இருந்தேன். அவளை இரண்டாம் முறை புதைத்துவிட்டேன் என்றுதான் தோன்றியது. பன்னிரண்டாம் நாள் ஹெர்ரிங் மீனையும் உருளைக்கிழங்கையும் தட்டில் வைத்துவிட்டு, வருவது வரட்டும் என்று கேட்டேன்.

"நம்ம சிக்னே இப்ப இருந்தா என்ன வயசுங்க?"

எழுந்து கொட்டகைக்குப் போவார் என்று நினைத்தேன். அவர் முள்கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை, யோசிக்கவும் இல்லை.

"ஒம்பது வருஷம், ஏழு மாசம், நாலு நாள்," என்றார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துத் திருத்திக்கொண்டார். "இல்ல, அஞ்சு. இன்னியோட அஞ்சு."