மைக்கைச் செருகினால் திறக்கும்

ஸ்கேன் சென்டரில் அவளுக்கு ‘மின்னல்’ என்றுதான் பெயர். டாக்டர் பேசிப் பதிவு செய்து அனுப்பும் ரிப்போர்ட்டை மளமளவென்று டைப் அடித்துத் தள்ளிவிடுவாள். ஸ்கூட்டர் விபத்தில் இரண்டு கைகளும் நொறுங்கியபின் விரல்கள் மடங்கவில்லை. “இனி வீட்டோட இரு” என்றான் அண்ணன். “வாய் நல்லாத்தானே இருக்கு?” என்றவள், பேசினால் எழுதிக்கொள்ளும் மென்பொருளைப் பழகி வேலைக்குத் திரும்பினாள்.

ஆனால் அந்த மென்பொருளைத் திறக்க மவுஸைப் பிடிக்க வேண்டும். அது அவளால் ஆகாது. மைக்கின் யூஎஸ்பி முனையை உள்ளங்கையால் தள்ளிச் செருகுவாள், அவ்வளவுதான். மதியம் அதே கம்ப்யூட்டரில் தோழி ஒருத்தி வேலை பார்ப்பதால் எப்போதும் திறந்து வைக்கவும் வழியில்லை. தினமும் காலையில் யாராவது வந்து திறந்து வைக்கும்வரை வாயிருந்தும் ஊமையாக உட்கார்ந்திருப்பாள். அது அவளைக் குடைந்தது.

ஒரு நாள் மென்பொருள் திறந்திருக்கும்போதே, குரலால் கட்டளை சொல்லிச் சொல்லி ஒரு ஏற்பாடு செய்தாள். எதையாவது செருகினால் மென்பொருள் தானே திறந்துகொள்ளும். மறுநாள் காலை மைக்கைச் செருகினாள். திறந்தது. தனியாக இருந்தும் கைதட்டப் போய், வலியில் “அம்மா!” என்றாள். திரையில் ‘அம்மா’ என்று விழுந்தது.

மதியம் தோழி தன் போனைச் சார்ஜுக்காக அந்தக் கம்ப்யூட்டரில் செருகினாள். மென்பொருள் சத்தமில்லாமல் திறந்து, கம்ப்யூட்டர் கேமராவிலிருந்த மைக் வழியாகத் தோழி முணுமுணுப்பதைக் கேட்டு, அவள் அடித்துக்கொண்டிருந்த ரிப்போர்ட்டிலேயே எழுதத் தொடங்கியது. டாக்டரின் கையெழுத்துக்குப் போகவிருந்த ரிப்போர்ட்டை மேனேஜர் படித்தார்: ‘மூளையில் கட்டி ஏதும் இல்லை. நம்ம மேனேஜருக்கு மூளையே இல்லை.’

“சிரிக்கிற விஷயமில்லம்மா. இது நோயாளி கைக்குப் போயிருந்தா?” என்றார் அவளிடம். “அந்த மென்பொருளை எடுத்துடுங்க.”

“தப்பு என்னோடதுதான் சார். எதைச் செருகினாத் திறக்கணும்னு சொல்லாம விட்டுட்டேன். நாளைக்கு ஒரு வாய்ப்பு குடுங்க. நீங்களே சோதிச்சுப் பாருங்க. சொதப்பினா நானே எடுத்துடறேன்.”

ஒவ்வொரு கருவிக்குள்ளும் அதற்கான அடையாள எண் இருக்கும். செருகியதும் கம்ப்யூட்டர் அதைப் படித்துக்கொள்ளும். மைக்கின் எண் வந்தால் மட்டும் திற, பிடுங்கினால் மூடு என்று மாற்றினாள். திறக்கவில்லை. ‘ஏழு’ என்று அவள் சொன்னதை மென்பொருள் ‘ஏலம்’ என்று எழுதியிருந்தது. தோழியைத் திறந்து வைக்கச் சொல்லித் திருத்தினாள். அப்போதும் திறக்கவில்லை.

அழைத்துப் போக வந்த அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. “தள்ளு, நான் அடிச்சுத் தரேன்.”

“நாளைக்கு வேற ஏதாவது மாறினா? நீ வந்து உட்காருவியா?”

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். எண்ணுக்கு நடுவே ஓர் இடைவெளி ஒளிந்திருந்ததை அவள்தான் கண்டுபிடித்து நீக்கினாள்.

காலையில் மேனேஜர் பென் டிரைவைச் செருகினார், தன் போனைச் செருகினார், பிரிண்டர் கேபிளைக்கூடப் பிடுங்கிச் செருகினார். திரை அசையவில்லை. அவள் மைக்கைத் தள்ளினாள். மென்பொருள் விரிந்தது.

“இருக்கட்டும்” என்றார். “முதுகெலும்பு ரிப்போர்ட் ஒண்ணு அவசரமா வேணும்.”

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு நோயாளியின் வயதிலிருந்து ஆரம்பித்தாள்.