கட்டி பேசுது

சலவைக்கடையில் அவளுக்கு மிளகாய் என்று பெயர். இஸ்திரி போட்டுக்கொண்டு நிற்கும்போதே காரணமில்லாமல் முகமும் கழுத்தும் குப்பென்று சிவந்துவிடும். "யாரு மேலடி காந்துற?" என்று சிரிப்பார்கள். வீட்டில் நாத்தனார், "அண்ணிக்கு மூக்குக்கு மேல கோபம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். நெஞ்சில் விசிலடித்த மூச்சுக்கு ஆஸ்துமா மருந்து. சிவப்புக்குப் புருஷனின் உபதேசம். இருமலில் ரத்தம் வந்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள்.

"இது அபூர்வமான கட்டிம்மா" என்றார் டாக்டரம்மா. "மூச்சுக்குழாய்ல உக்காந்துகிட்டு ரத்தத்துல எதையோ சுரந்து விடுது. அதான் முகம் சிவக்குது. மூச்சு ஒரு பக்கம் மட்டும் இழுக்குது பாருங்க, அது ஆஸ்துமா இல்ல."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவளைப் படுக்க வைத்தான். "கடைக்குச் சொல்லிட்டேன். உன் மேசைக்கு வேற ஆளு போட்டுக்குவாங்க. இனிமே நீ போக வேண்டாம்."

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

முகம் பற்றிக்கொண்டது. அவன் கோபப்படவில்லை. தங்கையிடம் திரும்பி, "பாத்தியா, கட்டி பேசுது" என்றான். நாத்தனார் உச்சுக்கொட்டி, போர்வையை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

இத்தனை வருஷம் கட்டியைக் கோபம் என்றார்கள். இப்போது கோபத்தையும் கட்டிக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

அறுவை சிகிச்சையில் கட்டியை எடுத்தார்கள்; தையலும் ஆறியது. வேலைக்குப் போகலாம் என்று டாக்டரம்மா சொன்ன மறுநாள் காலை, அவள் தலையை அள்ளி முடிந்துகொண்டு செருப்பைத் தேடினாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"கடைக்கு. என் மேசையக் கேக்க."

"மறுபடி ஆரம்பிக்காத. அந்தக் கட்டி..." என்றவன் நிறுத்திக்கொண்டான். அவன் கண் அவள் கன்னத்துக்குப் போயிற்று, பிறகு கழுத்துக்கு.

"என்னைக் கேக்காம என் வேலைய விட்டுட்டீங்க" என்றாள். குரல் உயரவில்லை. "இப்ப யாரு பேசுறா? நல்லாத் தேடிப் பாருங்க, எங்கயாச்சும் சிவந்திருக்கா."

அடுப்படியில் நாத்தனார் குழாயை மூடினாள்.

அவன் அலமாரியிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தான். ஜன்னல் வெளிச்சத்தில் முகத்தை முழுசாகத் திருப்பிக் காட்டியபடி அவள் நின்றாள், வெளுத்த துணிபோல, கையில் ஒற்றைச் செருப்போடு. மூச்சு சத்தமில்லாமல் போய் வந்துகொண்டிருந்தது.