சர்க்கரை ஊசி

சங்கீதாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாண்டிச்சேரியில் பார்மசி படிக்கிறாள்; பரீட்சை நெருங்கிவிட்டதால் படிப்பு லீவில் வீட்டுக்கு வந்திருக்கிறாள். அப்பா சடையப்பனோ ஊசிக்குப் போவதையே நிறுத்தியிருந்தார். நர்ஸ் சொல்லியனுப்பிய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. ஊசிக்கென்று கிளம்பிய மனிதர், தான் வேலை செய்யும் உப்பளத்து வரப்பில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். டிபி இரண்டாம் முறை வந்த உடம்பு. பாதியில் விட்டால் அப்புறம் இந்த மருந்துக்கும் கேட்காது.

புத்தகமும் கையுமாக வெயிலில் உப்பளத்துக்கு ஓடிவந்து அவர் எதிரே நின்றாள்.

"ஏம்பா ஊசிக்குப் போகல?"

"எனக்குத்தான் சுகர் இருக்குதே பாப்பா. நீதானே சத்தம்போட்டுப் படிச்ச, ஸ்ட்ரெப்டோமைசின்ல சர்க்கரை இருக்குதுன்னு."

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. தெருவுக்கே கேட்கும்படி நடந்துகொண்டு மனப்பாடம் செய்வது அவள் வழக்கம். ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், கானாமைசின் மூன்றும் சர்க்கரைக் கூறு கொண்ட அமினோகிளைகோசைடு வகை. எரித்ரோமைசினிலும் சர்க்கரை உண்டு, ஆனால் வகை வேறு. பாட்டாகவே பாடியிருக்கிறாள், புண்ணியவதி.

"அது டீயில போடுற சர்க்கரை இல்லப்பா. அந்த மாதிரி அமைப்புக்கே கெமிஸ்ட்ரியில சர்க்கரைன்னுதான் பேரு. அதால சுகர் ஏறாது."

"சர்க்கரைன்னா சர்க்கரைதானே."

"அப்ப உப்பு? மருந்து பாட்டில்ல ஸ்ட்ரெப்டோமைசின் சல்ஃபேட்னு போட்டிருக்கும். கெமிஸ்ட்ரியில அதுவும் ஒரு உப்புதான். நீ வார்ற உப்பா அது? கொழம்புல போடுவியா?"

உப்பு விஷயத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. சற்று யோசித்தார். பிறகு சிரித்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டார்.

"செரி, வா போலாம்."

அவளுக்கு உயிர் வந்தது. நடக்கும்போதுதான் பாடத்தின் கடைசி வரி உறுத்தியது. பரீட்சைக்கு வராதென்று அதை மட்டும் சத்தமாகப் படிக்காமல் விட்டிருந்தாள். சொன்னால் மறுபடி முரண்டுபிடிப்பார் என்று பயமாக இருந்தது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

"அப்பா, இந்த ஊசியால சில பேருக்குக் காது கெட்டுடும். காதுல எதுனா இரைச்சல் கேட்டா உடனே டாக்டர்கிட்ட சொல்லிடணும்."

சடையப்பன் நின்றுவிட்டார்.

"ஊசி போட ஆரம்பிச்சதுக்கப்புறம் ஓயாம கேக்குது பாப்பா. சுனாமியில கடல் கிட்ட வந்துட்டுதே, அந்த அலைச் சத்தம்னு நெனச்சிட்டிருந்தேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள், ஊசிக்கு முன்னால் டாக்டரைப் பார்க்க.